மாட்டின் முட்டு எங்கே இருக்கிறது?

போன மாதம் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் புதிய எக்ஸ்ரே மெஷின் வைத்தார்கள். பழைய ஆள் என்பதால் எனக்கும் ஒரு மாலையும் ஒரு நாற்காலியும் கிடைத்தன. “இரண்டு வார்த்தை பேசுங்க” என்றார்கள். நான் ஒரு ஆயுசுக்கான பேச்சோடு எழுந்தேன். மூன்றாவது வாக்கியத்தில் டீ வந்துவிட்டது. டீக்கும் பேச்சுக்கும் போட்டி வந்தால் எங்கள் ஜில்லாவில் டீதான் ஜெயிக்கும். கூட்டம் கலைந்தபிறகு அங்கே வேலை பார்க்கும் இளம் டாக்டரம்மா வாசல்வரை வந்து, “அந்தக் காலத்துல மாட்டுக்கு எப்படி சார் எக்ஸ்ரே எடுத்தீங்க? அது சும்மா நின்னுச்சா?” என்று கேட்டார். அவரிடம் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத்துக்கு நடுவில் யாரும் டீ கொண்டுவர முடியாது.

எக்ஸ்ரே நான் படித்தது கல்லூரியில் அல்ல, பட்டாளத்தில். யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது போனேன். நாலெழுத்துத் தெரிந்தவன் என்று மருத்துவப் பிரிவில் தள்ளினார்கள். உடைந்த கையும் காலுமாகப் படம் பிடித்துப் பிடித்து, மனுஷ எலும்பெல்லாம் எனக்கு அத்துப்படி ஆயிற்று. நாற்பத்தேழில் ஊர் திரும்பினேன். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது, எனக்கு வேலை கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, கருங்கலுக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் ஒரு மாட்டாஸ்பத்திரிக்குப் பட்டாளத்தில் கழித்துவிட்ட எக்ஸ்ரே மெஷின் ஒன்று வந்து, இயக்க ஆளில்லாமல் பெட்டியிலேயே கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். பட்டாளம் கழித்த மெஷினுக்குப் பட்டாளம் கழித்த ஆள். பொருத்தம் பார்க்க ஜோசியர் தேவைப்படவில்லை, சேர்ந்துவிட்டேன்.

அங்கே பெரியவர் மாத்தன் டாக்டர். கோட்டயம் பக்கத்துக்காரர், சென்னையில் படித்தவர். அப்போது மாநிலம் பிரியவில்லை, நாங்கள் எல்லாரும் ஒரே ராஜ்யம்தான், ஆகவே மலையாளமும் தமிழும் கலந்து ஒரு பாஷை பேசுவார். அவரிடம் ஒரு விசேஷம் உண்டு. மனுஷர்களை ‘எடோ’ என்பார், மாடுகளுக்கு மரியாதை கொடுப்பார். என்னை “எடோ தாணு, இங்கே வா” என்று கூப்பிட்ட அதே வாயால், கொட்டிலில் நிற்கும் காளையிடம், “வரணும், வரணும். காலைக் கொஞ்சம் காட்டணும், கேட்டோ” என்பார். தொடுவதற்கு முன் அனுமதி கேட்காமல் ஒரு மாட்டையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. காளை தலையை ஆட்டும்வரை நிற்பார். ஈ கடித்தாலும் காளை தலையை ஆட்டத்தான் செய்யும், அதையும் சம்மதமாக எடுத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு கனவு இருந்தது. அலமாரி நிறைய இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தார், பாதிக்குமேல் குதிரை. குதிரையின் மூட்டு, குதிரையின் நொண்டல், குதிரையின் லாடம். “நம்மளுடெ நாட்டுல உழுகிறது குதிரையா?” என்று புத்தகத்தைத் தட்டித் தட்டிக் கேட்பார். நம்முடைய உழவு மாட்டின், வண்டி மாட்டின் ஒவ்வொரு மூட்டையும் படம் பிடித்து வரிசையாக வைக்கவேண்டும். ஆரோக்கியமான மூட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கலாம்? இதுதான் அவர் வாதம். அதனால் எங்களுக்கு வேண்டியிருந்தது நோயாளி மாடுகள் மட்டுமல்ல, ஒரு கேடும் இல்லாத மாடுகளும்.

முதல் படத்திலேயே நான் ஆடிப்போனேன். முன்னங்காலின் முட்டைப் படம் எடுக்கச் சொன்னார். முழங்காலைத்தான் எங்கள் பக்கத்தில் முட்டு என்போம். எடுத்தேன், கழுவினேன், வெளிச்சத்தில் பிடித்தேன். முழங்கால் மூடியான முட்டுச்சில்லைக் காணோம். அதற்குப் பதிலாகக் கூழாங்கல் அடுக்கிய மாதிரி இரண்டு வரிசைச் சிறு எலும்புகள். மாட்டுக்கு எதுவோ பெரிய வியாதி என்று பதறி ஓடினேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்.

“எடோ தாணு, இது முட்டே அல்ல. கைக்குழையாக்கும். நீ வாச்சு கட்டுற இடம். பாவம் அவரு, ஆயுசு முழுக்க விரல் நுனியில நிக்கிறாரு. நீ ஒரு நாழிகை நிந்நு காட்டு, பார்ப்போம்.”

‘அவரு’ என்றது காளையை. அன்று சாயங்காலம் நான் வீட்டில் யாரும் பார்க்காத சமயம் இரண்டு கையையும் தரையில் விரல் நுனியில் ஊன்றி நின்று பார்த்தேன். எழுந்திருக்க ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று.

படம் எடுக்கும் முறையையும் சொல்லவேண்டும். பக்கத்தில் ஒரு ரைஸ் மில் இருந்தது. மில் ஓடினால் கரண்ட் இறங்கி, எங்கள் படம் கஞ்சித்தண்ணிபோல வெளுத்துவிடும். மில்காரர்கள் சாப்பிடப் போகும் நேரம்தான் எங்களுக்கு நல்ல நேரம். பிலிம் வைத்த தகரப் பெட்டிக்குக் கேசட்டு என்று பேர். அதை மாட்டின் கால்பக்கம் கையால் பிடித்தால் கதிரும் படும், உதையும் படும். ஆகவே நீள மூங்கிலின் நுனியைப் பிளந்து, அதில் செருகித் தள்ளி நின்று பிடிப்போம். கதிரைத் தடுக்கும் ஈய உடுப்பு ஒன்றுதான் இருந்தது. அதை மாட்டைப் பிடித்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவார் டாக்டர். “நாம் சம்பளம் வாங்குறோம். மாட்டைப் பிடிக்கிற ஆளுக்கு என்ன தலையெழுத்து?” என்பார். கோடையில் கழுவும் மருந்து சூடாகிப் பிலிமின் பூச்சு வழிந்துவிடும் என்பதால், கிணற்றுத் தண்ணீரை மண்பானையில் ஊற்றி மருந்துத் தொட்டியை அதற்குள் இறக்கி வைப்பேன்.

ஆரோக்கியமான மாடு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. “கேடில்லாத மாட்டுக்கு எதுக்கு வே ஆஸ்பத்திரி?” என்று கேட்டார்கள். சும்மா ஒரு படம் எடுக்கத்தான் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். மறுவாரம் ஒரு குடும்பமே வந்து இறங்கியது. காளையைக் குளிப்பாட்டி, கொம்பில் எண்ணெய் தேய்த்து, கழுத்தில் சதங்கையும் அரளி மாலையும் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கோடி வேட்டி, அம்மா பட்டு, பிள்ளைகள் தலை நிறைய எண்ணெய். காளைக்கு இருபுறமும் வரிசையாக நின்று, “எடுங்க, கண்ண மூடமாட்டோம்” என்றார்கள். டாக்டருக்கு அவர்களை ஏமாற்ற மனம் வரவில்லை. குடும்பத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு, காளையின் கணுவை மட்டும் ஒரு படம் எடுத்துக் காட்டினோம். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “மாலை விழல்லியே” என்றாள். ஆனாலும் விஷயம் பரவிவிட்டது. மாட்டாஸ்பத்திரியில் படம் பிடித்தால் கண்ணேறு போகும் என்று யாரோ கிளப்பிவிட, அதன்பிறகு எங்களுக்கு ஆரோக்கியமான மாட்டுக்குப் பஞ்சமே இல்லை.

இப்போது மயிலைக் காளையின் கதைக்கு வருகிறேன். ஐம்பத்திரண்டோ ஐம்பத்துமூன்றோ இருக்கும். யேசுவடியான் என்று ஒரு வண்டிக்காரர், கருங்கல் சந்தைக்கு வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றிப்போகிறவர், தன் ஜோடிக் காளைகளைக் கூட்டிவந்தார். சிவப்பு நிறச் செவலையும் சாம்பல் நிற மயிலையுமாக ஜோடி. மயிலைக்குப் பின்னங்கால் ஒன்று திடீர் திடீரென்று விறைத்துக் கட்டைபோல் பின்னால் நீட்டிக்கொள்ளும், குளம்பு தரையில் இழுபடும். பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம், கால் சரியாகிவிடும். அந்தக் காலின் நடு மடிப்பில் சூடு போட்ட தழும்புகள் வட்டமாகத் தெரிந்தன. சூட்டுக்கும் கேட்கவில்லை. அடுத்த சந்தை நாளில் கறிக்காக அறுப்புக்காரனுக்குக் கொடுத்துவிடுவதாக வாக்குச் சொல்லியாயிற்று என்றார். கூட வந்த மனைவி ஞானம்மை அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மயிலை அவள் கையில் வளர்ந்த கன்று.

“இவன் போனா செவலையும் போவான். ஒத்த மாட்ட வெச்சு நான் என்ன செய்ய? வேற மாட்டோட செவலை நுகத்துக்கு நிக்கமாட்டான் சாரே” என்றார் யேசுவடியான்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் நடக்கவிட்டோம். மயிலை மாப்பிள்ளை நடை நடந்தது. திருப்பி நடக்கவிட்டோம், ஒரு குறையும் இல்லை. யேசுவடியானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “நேத்துவர நொண்டினான் சாரே, கர்த்தர்மேல சத்தியம்” என்றார். டாக்டர் மயிலையின் முன்னால் போய், “ஒரு ராத்திரி இங்கே தங்கணும், கேட்டோ” என்று வேண்டிக்கொண்டார். படுத்துக்கிடந்து எழும்பும்போதுதான் அந்தக் கால் சிக்கும் என்று அவருக்கு ஒரு ஊகம்.

ஊகம் பலித்தது. காலையில் மயிலை எழுந்ததும் கால் பின்னால் நீண்டு கட்டையாக நின்றுவிட்டது. மில் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. நான் மூங்கிலோடு ஓடினேன். வயிற்றுக்கடியில் கேசட்டைச் செருகித் தொடையின் உட்பக்கம் உயர்த்தினேன். சாதாரணமாக இந்த இடத்தில் எந்த மாடும் கூச்சத்தில் நெளியும். மயிலையால் நெளிய முடியவில்லை, கால்தான் பூட்டிக்கிடக்கிறதே. என் சர்வீஸில் அவ்வளவு அசையாமல் நின்ற காளை வேறில்லை. வியாதியே எனக்கு உதவியாளாக நின்றது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் செவலையின் அதே மூட்டையும் மருந்து கொடுத்து மயக்கிப் படம் பிடித்தோம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியதும் டாக்டர் கைகொட்டிச் சிரித்தார். செவலையின் படத்தில் முட்டுச்சில்லு தன் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. மயிலையின் படத்தில் அது மேலே ஏறி, தொடை எலும்பின் மேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சில்லைப் பிடித்திருக்கும் மூன்று தசைநார்களில் உட்பக்கத்து நார் அந்த மேட்டில் மாட்டிக்கொள்கிறது. அதை மட்டும் அறுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் டாக்டர் அதுவரை இதைச் செய்ததில்லை. நார் மாறி அறுத்தால் காளை முடம். அதற்காகவே அவர் கசாப்புக் கடையிலிருந்து ஒரு மாட்டுப் பின்னந்தொடையை வாங்கிவரச் சொல்லி, தோலை நீக்கி, மூன்று நாருக்கும் மூன்று நிற நூல் கட்டி, எங்கள் படத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடம் உறுதியானபிறகுதான் யேசுவடியானைக் கூப்பிட்டார்.

“யேசுவடியானே, பயப்படண்டா. முட்டுல சின்ன ஒரு வெட்டு. ஒரே ஒரு நரம்பு அறுத்தா மதி, போதும். அன்னைக்கே நடப்பாரு.”

யேசுவடியானின் முகம் கறுத்துவிட்டது. குனிந்து மயிலையின் பின்னங்காலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். “முட்டு நரம்ப வெட்டவா? எனக்க மாட்ட மொடமாக்கவா இங்க கொண்டுவந்தேன்? பகைக்காரன்கூட செய்யமாட்டான் சாரே!” என்று கத்திவிட்டு, கயிற்றை அவிழ்த்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போயே போய்விட்டார். ஞானம்மை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பின்னால் போனாள். மறுநாள் சந்தை.

“அயாளுக்கு என்ன ஆச்சு தாணு? நான் வேண்டாதது ஏதும் சொன்னேனா?” என்றார் டாக்டர். அன்று முழுக்க அவர் மாடுகளிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. எனக்கும் மனசே சரியில்லை. இவ்வளவு பாடுபட்டு எடுத்த படம், கையெட்டும் தூரத்தில் மருந்து, மாடு மட்டும் அறுப்புக்குப் போகிறது.

சாயங்காலம் படங்களை உறையில் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. யேசுவடியான் பொத்திப் பிடித்தது எந்த இடத்தை? சூட்டுத் தழும்பு இருந்த நடு மடிப்பை. எங்கள் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு மாட்டின் பின்னங்காலில் கண்ணுக்குத் தெரிந்து மடிகிற அதுதான் முட்டு. உண்மையில் அது குதிகால். அதன் பின்நரம்பை வெட்டினால் மாடு பிறகு எழும்பாது, பகை தீர்க்க அப்படிச் செய்தவர்கள் உண்டு. டாக்டர் சொன்ன முட்டோ மேலே, வயிற்றோரத்தில், தொடைத் தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த இடத்துக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் பேரே கிடையாது, தொடை என்றுதான் சொல்வோம். இருவரும் ஒரே வார்த்தையைப் பேசினார்கள், ஆனால் ஆளுக்கொரு எலும்பைப் பற்றி.

விடிந்ததும் டாக்டரும் நானும் படங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினோம். யேசுவடியானின் முற்றத்தில் அறுப்புக்காரனின் ஆள் ஏற்கெனவே வந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தான். எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா? அவன் மயிலையின் விலாவைத் தட்டித் தட்டிச் சதை பார்த்தான்.

“ஓய் யேசுவடியான், கோவத்த விடும். ஒரு காரியம் செய்யும். குந்தி இரும்” என்றேன்.

“என்னத்துக்கு?”

“இரும் ஓய்!”

குந்தினார். “ஒம்ம முட்டத் தொடும்.” தொட்டார். “சில்லு இருக்கா? அசைச்சுப் பாரும்.” அசைத்தார். “இப்ப அந்தக் கைய இங்க வையும்” என்று அவர் கையைப் பிடித்து, மயிலையின் வயிற்றோரத் தோலில், தொடையின் முன்பக்கம் வைத்தேன்.

“இது தொடையில்லா?”

“அழுத்தும்.”

அழுத்தினார். அவர் கை நின்றது. “சில்லு!” என்றார். “ஏலே, சில்லு கெடக்கு!”

சொல்லிவைத்தாற்போல, அழுத்தியதில் கூசி மயிலை ஒரு அடி பின்னால் வைத்தது. கால் பூட்டிக்கொண்டது. யேசுவடியானின் விரலுக்கு அடியில்தான் அந்தச் சில்லு மேலே ஏறி மாட்டியது. அவர் எங்களைப் பார்த்தார். நான் இரண்டு படத்தையும் சூரியனுக்கு நேரே பிடித்தேன். “இது செவலை. இது மயிலை.” வண்டிக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

“கொக்கி மாட்டிக்கிடக்கு” என்றார் மெதுவாக. “வேற ஒண்ணுமில்ல. கொக்கி.”

“அதைத்தான் நான் வெட்டணும்னு சொன்னது” என்றார் டாக்டர். “நேத்து நீ பிடிச்ச இடம் மயிலை அவர்களுடெ குதிகாலாக்கும்.”

வாசலில் நின்ற ஞானம்மை முன்னால் வந்தாள். “அப்போ அந்தச் சூடு?” என்றாள். அவள் புருஷன் பக்கம் திரும்பி, “கேட்டியளா, இனி ஒங்களுக்குத் தலவலி வந்தா சொல்லுங்க, நான் குதிகால்ல பத்து போடுதேன்” என்றாள். பிறகு அறுப்புக்காரனின் ஆளைப் பார்த்து, “ஒமக்கு இங்க சோலி இல்ல, போயிட்டு வாரும்” என்றாள். வாக்குக் கொடுத்திருக்கிறதே என்று அவன் இழுத்தான். “வாக்குக் குடுத்தது இவரு. மாட்ட வளத்தது நான்” என்றாள். அவன் பீடியை அணைத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கே வண்டி நிறைய வைக்கோலை ஏற்றி, இரண்டு காளையையும் பூட்டி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். முற்றத்தில் வைக்கோலை மெத்தைபோல் பரப்பி, மயிலையைக் கயிறு போட்டுப் பைய சாய்த்தோம். மரத்துப்போகும் ஊசி போட்டார் டாக்டர். இரண்டு படத்தையும் கொட்டிலின் கம்பியில் அவர் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டேன். விரலால் தடவி மூன்று நார்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். திரும்ப ஒருமுறை தொட்டார். அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. “கொறச்சுப் பொறுக்கணும், கேட்டோ” என்றார், காளையிடமோ தன்னிடமோ தெரியவில்லை. சின்னக் கத்தி உள்ளே போனது. இறுக்கக் கட்டிய கயிற்றை அறுத்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவே. தையலும் போட்டு முடித்தார்.

கட்டை அவிழ்த்தோம். மயிலை உடனே எழவில்லை. கொஞ்சம் வைக்கோலைத் தின்றது. டாக்டர் திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் காளை முன்னங்காலை ஊன்றி, உடம்பைக் குலுக்கி எழுந்தது. முதல் அடிதானே எப்போதும் சிக்கும். மயிலை அந்தக் காலைத் தூக்கியது, மடக்கியது, முன்னால் வைத்தது. அடுத்த அடி. அதற்கடுத்த அடி.

“அந்த ‘டக்’ சத்தம் கேட்டோ?” என்றார் டாக்டர் சுவரிடம்.

“இல்ல சார்” என்றேன். “நடக்காரு.” எனக்கும் மரியாதை வந்துவிட்டது. ஞானம்மை அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மயிலை நேரே வண்டிப்பக்கம் போய் நுகத்தின் தன் பக்கத்தில் நின்றது. டாக்டர் ஓடிப்போய்த் தடுத்தார். தையல் ஆறும்வரை நுகமே கூடாது, வண்டி இங்கேயே கிடக்கட்டும், மாடுகளை நடத்திக் கொண்டுபோ என்றார். யேசுவடியான் மயிலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு அதை வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினார். செவலையை நுகத்தில் அதன் வழக்கமான பக்கத்தில் பூட்டினார். தோளில் கிடந்த துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, நுகத்தின் மறுமுனைக்குக் கீழே தானே குனிந்து தோள் கொடுத்தார்.

“எடோ, எந்தா இது?” என்றார் டாக்டர்.

“இருக்கட்டும் சாரே. சூடு போட்ட கையில்லா. இண்ணு ஒரு நாளு நான் இழுக்கேன், அவன் பொறத்தால கைவீசி வரட்டு.”

ஞானம்மை வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெறும் வண்டி, சமதளமான ரோடு. செவலை பக்கத்தில் பார்த்தது, யாரென்று மோந்தது, சரி என்று நடக்க ஆரம்பித்தது. மில்லிலிருந்து ஆட்களெல்லாம் வெளியே வந்து நின்று சிரித்தார்கள். யேசுவடியானும் சிரித்துக்கொண்டேதான் இழுத்தார். வளைவு திரும்புகிறபோது ஞானம்மை முன்னால் குனிந்து, அவரை மாட்டை ஓட்டுகிற மாதிரி “ம்பா, ம்பா” என்று ஓட்டுவது எங்களுக்குக் கேட்டது.